“இவன்தானே?” என்ற ஒரு கேள்வி



சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன்னர், எங்கள் உம்மாவின் கழுத்தில் கிடந்த நான்கு சவரன் சங்கிலியை இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போயினர். ராத்தா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மூன்று தெருக்கள்தாம். அறுபத்தெட்டு வயதில் உம்மா அந்தத் தூரத்தை நாள்தோறும் தனியாக நடப்பவர். கீழே விழுந்ததில் முழங்கால் சிராய்த்துவிட்டது. கழுத்தில் சங்கிலி இழுபட்ட தடம் சிவந்து கிடந்தது. மவுத்தான எங்கள் வாப்பா வாங்கிக் கொடுத்த சங்கிலி அது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

செய்தி கேட்டு வீடு நிறைந்துவிட்டது. உடன்பிறந்தோர் நால்வரும், அண்டை வீட்டாரும், ஜமாஅத்துப் பெரியவர்களும் உம்மாவைச் சூழ்ந்துகொண்டோம். ஆளுக்கொரு கேள்வி கேட்டோம். “கருப்பு வண்டிதானே?” என்றார் ஒருவர். “பின்னால் இருந்தவன் ஒல்லியான பையன்தானே?” என்றார் மற்றொருவர். அண்மையில் பக்கத்து ஊரில் நடந்த பறிப்பு ஒன்றை எவரோ விரிவாகச் சொன்னார். மஃரிபுக்கு முன்னர் “ஏதோ வண்டி” என்றிருந்தது, இஷாவுக்குள் கருப்பு வண்டியாகிவிட்டது. இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பது அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

இஷாவுக்குப் பிறகு காவல் நிலையத்திலிருந்து இருவர் வந்தனர். மரியாதையாகத்தான் பேசினர். அவர்களுள் மூத்தவர் தம் கைப்பேசியில் ஓர் இளைஞனின் படத்தை எடுத்து உம்மாவின் முகத்தருகே நீட்டி, “நல்லாப் பாருங்கம்மா, இவன்தானே?” என்றார். உம்மா கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு பார்த்தார். “அப்படித்தான் இருக்கு தம்பி” என்றார். எங்களுக்கெல்லாம் பெருமூச்சு வந்தது. இவ்வளவு விரைவாகத் துப்புக் கிடைத்துவிட்டதே என்று வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

இரண்டாம் நாள் அந்த இளைஞனைக் கைது செய்துவிட்டதாகவும், அவன் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் செய்தி வந்தது. முன்பே ஒரு வழக்கு இருந்தவனாம், பத்தொன்பது வயதாம். பள்ளிவாசலில் எங்களைக் கண்டோர் துஆச் செய்து வாழ்த்தினர்.

மூன்றாம் நாள் இரவு, தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே அமர்ந்திருந்த உம்மா எங்களை அழைத்தார். “நான் முகத்தைப் பார்க்கலை. கையைத்தான் பார்த்தேன். அந்தப் பையன் முகம் எனக்கு அந்த போன்லதான் தெரியும்” என்றார்.

அந்த இரவிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தை மறைக்காமல் எழுதுவதே முறை. எங்களில் ஒருவர், காவல்துறை சும்மா ஒருவனைப் பிடிக்காது, உம்மாவுக்கு வயதாகிவிட்டது, இப்போது குழம்புகிறார் என்றார். மற்றொருவர், வாக்கு மாறினால் நம் மீதே வழக்கு வரும் என்று அஞ்சினார். நகை கிடைக்கும் வேளையில் வாயைத் திறப்பானேன் என்ற எண்ணமும் எங்களுக்குள் இருந்தது; அதை எவரும் வெளியே சொல்லவில்லை. உம்மா மட்டும் அன்னிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை ஓதினார். நமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் அல்லாஹ்வுக்காகச் சாட்சியம் சொல்வதில் நிலைத்து நிற்குமாறு பணிக்கும் வசனம் அது. எங்கள் வீட்டுத் திண்ணையில் குர்ஆன் கற்பித்தவர் அவர். எதிர்த்துப் பேச எங்களால் இயலவில்லை.

மறுநாள் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தோம். அவர் சொன்னவை எங்கள் அச்சத்தைப் பெரும்பாலும் போக்கின. காவல்துறையினர் சாட்சியிடம் கேட்டு எழுதும் வாக்குமூலம் சத்தியத்தின் மேல் பெறப்படுவதன்று. அதில் சாட்சி கையெழுத்திடவும் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180, 181ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இவையே 161, 162 ஆக இருந்தன. நினைவில் பிழை இருந்தது என்று உண்மையாக உணர்ந்தவர் அதைத் திருத்திச் சொல்வது குற்றமாகாது. திருத்தாமல் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து அதே பிழையைச் சொல்வதற்குத்தான் அஞ்ச வேண்டும் என்றார்.

“அவன்தான் ஒப்புக்கொண்டுவிட்டானே” என்று கேட்டோம். அவர் சிரித்தார். காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு. அவன் சொன்னதைக் கொண்டு பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டுமே அது செல்லும். எங்கள் சங்கிலியோ கிடைக்கவில்லை. ஒப்புக்கொண்டவனால் சங்கிலி எங்கே என்று சொல்ல முடியாமற்போனது ஏன் என்று நாங்கள் அதுவரை யோசித்திருக்கவேயில்லை.

ஆங்கிலேயர் தம் காவலரையே நம்பாமல் இப்படியொரு சட்டம் எழுதியதன் பின்னணியில் நம் சென்னை மாகாணத்துக்கும் பங்குண்டு. வரி வசூலிக்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் வதைக்கப்படுகின்றனர் என்ற முறையீடுகளை ஆராய இங்கே ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, 1855இல் அதன் அறிக்கை வெளியானது. விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே நெருக்கும் ‘கிட்டி’ என்ற நம் ஊர்க் கருவி அதில் பதிவாகியிருக்கிறது. அதன் பின்னரே, 1859இல், சென்னை மாகாணக் காவல்துறைச் சட்டம் வந்தது. நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தன. சாத்தான்குளம் 2020ஐ நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம்.

இதையெல்லாம் அறிந்த பின் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று மாலை நடந்தது உலகெங்கும் நடப்பதுதான் என்று விளங்கிற்று. 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு வாகன மோதல் படங்களைக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டனர். ‘நொறுங்க மோதியபோது’ என்ற சொல்லைப் போட்டுக் கேட்டால் மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றனர். ‘தொட்டபோது’ என்று கேட்டால் ஏறத்தாழ 32 மைல் என்றனர். எல்லாரும் பார்த்தது அதே படங்கள்தாம். ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, நொறுங்கிய சொல்லைக் கேட்டவர்களில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றனர். படத்தில் கண்ணாடி உடையவேயில்லை. எங்கள் “கருப்பு வண்டிதானே?” நினைவுக்கு வந்து எங்களைச் சுட்டது.

சந்தேகத்துக்குள்ளானவரை விசாரிக்கும் முறைகளைப் பற்றிப் படித்தபோது யூசுஃப் சலாம் என்ற சகோதரரின் வாழ்க்கை குறுக்கிட்டது. 1989 ஏப்ரலில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில் சிக்கிய ஐந்து சிறுவர்களுள் ஒருவர். அப்போது வயது 15. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. மணிக்கணக்கில் விசாரணை நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் ஆடையில் உன் விரல் ரேகை கிடைத்திருக்கிறது என்னும் பொருள்படத் துப்பறிவாளர் அவரிடம் பேசினார். அப்படி எந்த ரேகையும் கிடைத்திருக்கவில்லை. விசாரணையில் இவ்வாறு பொய் சொல்வதை அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் தடுப்பதில்லை. அவருடைய தாயார் வந்து விசாரணையை நிறுத்தியதால் அவர் எதிலும் கையெழுத்திடவில்லை, ஒளிப்பதிவிலும் பேசவில்லை. மற்ற நால்வரும் ஒளிப்பதிவில் ஒப்புக்கொண்டனர். ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் பொருத்தமில்லை. மரபணுச் சோதனையும் எவருடனும் பொருந்தவில்லை. இருந்தும் ஐவரும் தண்டிக்கப்பட்டனர். 2002இல் வேறொருவன் தானே செய்ததாகச் சொன்னான்; அவனுடைய மரபணு பொருந்தியது. தண்டனைகள் நீக்கப்பட்டபோது யூசுஃப் சலாம் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளைச் சிறையில் கழித்து முடித்திருந்தார். 2023இல் அதே நகரின் மாமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

செய்யாத குற்றத்தை எவனாவது ஒப்புக்கொள்வானா என்று நாமெல்லாம் கேட்கிறோம். களைப்பும், பயமும், ஒத்துக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசையும் ஒருவனை என்ன செய்யும் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். பட்டினி போட்டோ, கட்டி வைத்தோ, அடித்தோ கேட்டால் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்வதைக்கூட நம்ப முடியாது என்ற கருத்து உமர் (ரலி) அவர்களுடையதாக அறிவிக்கப்படுகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களிடம் திருட்டு வழக்கு ஒன்று வந்த செய்தி அபூதாவூதில் உள்ளது. பொருளை இழந்தவர்கள் நெசவாளர் சிலர் மீது குற்றம் சாட்டினர். அவர்களைச் சில நாள் வைத்திருந்து விட்டுவிட்டார். அடிக்காமல் விட்டுவிட்டீரே என்று வழக்குக் கொடுத்தவர்கள் குறைப்பட்டனர். வேண்டுமானால் அடிக்கிறேன், பொருள் அவர்களிடம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அதே அடி உங்கள் முதுகில் விழும், இது அல்லாஹ்வும் அவன் தூதரும் விதித்த தீர்ப்பு என்றார் அவர். நகையை இழந்தவர்கள் என்ற நிலையில் இதைப் படித்தபோது எங்கள் முதுகு கூசியது.

இவற்றையெல்லாம்விட எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது பத்ருக்கு முந்தைய இரவின் நிகழ்ச்சி. குறைஷியரின் நீர் சுமப்போரில் இருவரை நபித்தோழர்கள் பிடித்து வந்தனர். தோழர்களின் மனம் அபூஸுஃப்யானின் வணிகக் கூட்டத்தின் மேல் இருந்தது. நாங்கள் குறைஷிப் படைக்கு நீர் சுமப்பவர்கள் என்று அவர்கள் உண்மையைச் சொன்னபோது அடித்தனர். அடி தாங்காமல் அபூஸுஃப்யானின் ஆட்கள் என்று சொன்னதும் விட்டனர். அப்போது தொழுகையில் இருந்த நபி (ஸல்) அவர்கள் தொழுது முடித்ததும், உண்மை சொல்லும்போது அடிக்கிறீர்கள், பொய் சொன்னதும் விடுகிறீர்களே என்று கண்டித்தார்கள். பின்னர் தாமே கேட்டார்கள். எத்தனை பேர் வந்திருக்கின்றனர் என்றதற்கு, நிறையப் பேர், எண்ணிக்கை தெரியாது என்றனர். நாளொன்றுக்கு எத்தனை ஒட்டகங்களை அறுக்கின்றனர் என்று கேட்டார்கள். ஒரு நாள் ஒன்பது, ஒரு நாள் பத்து என்று விடை வந்தது. அப்படியானால் தொள்ளாயிரத்திலிருந்து ஆயிரம் பேர் என்று கணித்தார்கள்.

நீர் சுமப்பவனுக்குப் படையின் எண்ணிக்கை தெரியாது. ஒட்டகம் அறுப்பது தெரியும். தெரியாததைக் கேட்டு வதைப்பதை விட்டு, தெரிந்ததைக் கேட்பது. இன்று காவல் பயிற்சிக் கூடங்களில் புதிய கண்டுபிடிப்பாகக் கற்பிக்கப்படும் பாதிப் பாடம் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் மாறுபடலாம்.

இங்கிலாந்து அடிபட்டுத்தான் திருந்தியது. கில்ட்ஃபோர்டு நால்வர், பர்மிங்காம் அறுவர் ஆகிய வழக்குகளில் 1975இல் தண்டிக்கப்பட்டவர்கள் முறையே 1989, 1991 ஆம் ஆண்டுகளில்தான் குற்றமற்றவர்களாக வெளியே வந்தனர். 1984ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையை ஒலிப்பதிவு செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தது. பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, காவலர் பலர் விசாரிக்கத் தெரியாமலே விசாரிக்கின்றனர் என்பது வெளிப்பட்டது. எனவே 1992 முதல் ‘பீஸ்’ என்ற முறை அங்கே வந்தது. முன்கூட்டியே திட்டமிடு, எதிரில் இருப்பவருக்கு நடப்பதை விளக்கு, அவர் கூற்றை அவர் போக்கிலேயே முழுதும் கேள், முடிவில் சரிபார், பிறகு கிடைத்ததை மதிப்பிடு என்பதே அதன் சாரம். ஒப்புக்கொள்ள வைப்பது அதன் நோக்கமன்று. பொய்ச் சான்று காட்டி மிரட்டுவதற்கும் அதில் இடமில்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாளில்தான் அந்தப் பெண் உதவி ஆய்வாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கறிஞர் எழுதித் தந்த மனுவை மேலதிகாரிக்கு அனுப்பியிருந்தோம். சாட்சியான பெண்களையும், அறுபது வயதைக் கடந்த ஆண்களையும், பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் அவர்களின் இருப்பிடத்தை விட்டு வேறு இடத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 179ஆம் பிரிவு. (நம் வீடுகளில் இது பலருக்குத் தெரியாது. “ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க” என்றதும் வீடே நடுங்கி, கிழவிகளையும் பிள்ளைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறோம்.)

அவர் சாதாரணச் சேலையில் வந்திருந்தார். முதலில் எங்கள் அனைவரையும் அறையை விட்டு வெளியேறச் சொன்னார். சற்று வருத்தமாகத்தான் இருந்தது. கதவு திறந்திருந்ததால் திண்ணையிலிருந்து கேட்க முடிந்தது. “எனக்கு எதுவும் தெரியாதுன்னு வச்சுக்கங்கம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அதுவும் எனக்கு உதவிதான். மகள் வீட்டுல செருப்பு போட்டதுல இருந்து சொல்லுங்க” என்றார். பிறகு வெகுநேரம் அவர் பேசவேயில்லை. உம்மா ராத்தா வீட்டில் குடித்த கஞ்சியைச் சொன்னார், பேரனுக்கு இருமல் என்றார், தெருமுனையில் வெயில் கண்ணில் அடித்ததைச் சொன்னார். எங்களில் ஒருவராக இருந்திருந்தால் அங்கேயே, விஷயத்துக்கு வாங்க உம்மா என்று குறுக்கிட்டிருப்போம். வெயில் கண்ணில் அடித்தது என்ற அந்த ஒன்றுதான், வண்டியின் நிறமோ முகமோ தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதைக் காட்டியது. பின்னர், என்ன சத்தம் கேட்டது, என்ன வாடை வந்தது என்று கேட்டார். மீன் வாடை என்றார் உம்மா. கழுத்துக்கு வந்த கையில் கட்டைவிரல் நகம் பாதி கருத்திருந்தது என்றார். எங்களிடம் ஒருபோதும் சொல்லாதவை. நாங்கள் ஒருபோதும் கேட்காதவை.

ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கெய்செல்மன் ஆகிய இருவர் 1980களில் அமெரிக்காவில் வகுத்த நினைவுவழி விசாரணை முறைக்கு இதே சாயல் இருப்பதைப் பின்னர் படித்தோம். நிகழ்ந்த சூழலை மனத்தில் மீண்டும் எழுப்பச் செய்வது, அற்பமானதையும் விடாமல் சொல்லச் சொல்வது, குறுக்கிடாமல் இருப்பது. அந்த அம்மையார் இதைப் பயிற்சியில் கற்றாரோ, இயல்பாகவே பெற்றிருந்தாரோ! கைப்பேசியில் படம் காட்டப்பட்டதையும் எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரங்களுக்குப் பின் சிறையில் அடையாள அணிவகுப்பு நடந்தது. அதற்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தனர். நீதித்துறை நடுவர் முன்னிலையில், ஒத்த தோற்றமுடைய பலரோடு அந்த இளைஞனை நிற்க வைத்துச் சாட்சியிடம் கேட்பது அது. காவலர் அங்கே இருக்கக் கூடாது. முன்னரே படத்தைக் காட்டிவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியுள்ளன. நாங்கள் வாயிலில் நின்றோம். எங்களுக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில் ஒரு பெண்மணி ஒரு துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். அவர் யார் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களை அவருக்கும் தெரிந்திருக்கும். ஸலாம் சொல்லவோ வணக்கம் சொல்லவோ எங்களுக்கு நா எழவில்லை.

உம்மா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே நடந்ததை அவர் சொன்ன அளவில்தான் அறிவோம். இதற்குமுன் இவர்களில் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா என்று நடுவர் கேட்டாராம். “ஒருத்தரைப் பார்த்திருக்கேன், போன்ல. ஆனா சங்கிலி அறுத்தவன் முகத்தை நான் பார்க்கலை” என்றாராம். எவரையும் தொட்டுக் காட்டவில்லை. சொல்லிவிட்டு நேரே வேப்பமரத்தடிக்குப் போய் அந்தப் பெண்மணியின் அருகில் அமர்ந்தார். இருவரும் என்ன பேசினர் என்று இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை.

அந்த இளைஞன் பிணையில் வெளியே வந்துவிட்டான். நான்கு சவரனைக் கையாலேயே தூக்கி எறிந்துவிட்டீர்களே என்று கேட்கும் உறவினர்கள் இன்னும் இருக்கின்றனர். எங்களில் ஒருவருக்கு அந்தக் குறை இன்னும் முழுதாக நீங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறோம். சங்கிலி கிடைக்கவில்லை.

சென்ற மாதம் அதே உதவி ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு மாவட்டத்தில் இருவர் பிடிபட்டுள்ளனர், ஒரு தடவை வந்து பேச வேண்டும் என்றார். உம்மா தொலைபேசியை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வாம்மா மகளே, வீட்டுக்கு வா. ஆனா படம் எதையும் முதல்ல காட்டாதே. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லி முடிச்சிடுறேன், நீ எழுதிக்கோ” என்றார்.